விருந்தாளி விரல்

ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நான்தான், உங்கள் அண்ணன் மகள். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, முழங்காலில் கணக்குப் புத்தகத்தை வைத்து எழுதுகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் வீட்டில் இருப்பது ஒரே போன். அதில் உங்கள் எண்ணைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்று தெரியாது. இந்த வீட்டில் உங்கள் பேச்சை எடுத்தால் அம்மாகூட ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் பேசுகிறாள்.

அப்பாவுக்கு வலது கைக் கட்டைவிரல் போய்விட்டது. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில், அட்டை வெட்டும் பிரஸ் இறங்கிவிட்டது. பள்ளி திறப்பதற்கு முன்பே நடந்தது. காயம் ஆறிக்கொண்டிருக்கிறது. அப்பாதான் ஆறவில்லை.

நேற்று ஒருவர் டை கட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி சார்பாக நஷ்டஈட்டையும் வைத்தியச் செலவையும் கவனிக்கும் ஆபீஸிலிருந்து வருவதாகச் சொன்னார். அவர் நீட்டிய தாளின் தலைப்பைப் படித்ததும் அப்பாவின் முகம் கறுத்தது. அது உங்கள் ஆபீஸ், அத்தை.

மொத்தமாக ஒரு தொகை தருவார்களாம். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் அதோடு சரி. அந்தக் கைக்கு இனி எந்த வைத்தியத்துக்கும் கம்பெனி பொறுப்பில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் வேறு ஒன்று சொல்லியிருக்கிறார். காலிலிருந்து ஒரு விரலை எடுத்துக் கையில் வைக்கலாமாம்! அது வேலை செய்யுமாம். அப்பா கேட்கவில்லை. "கால்ல இருக்கறது கால்லயே இருக்கட்டும். என்னைப் பொம்மை செய்யறதுக்கு நான் களிமண்ணா?" என்று வந்துவிட்டார். தாள் தயாரானதும் டை கட்டினவர் ஒரு சனிக்கிழமை வருவார். அப்பா போட்டுவிடுவார்.

என் பள்ளி ரிப்போர்ட்டில் இந்த முறை அம்மாதான் கையெழுத்துப் போட்டாள். அப்பாவின் கையெழுத்து உங்களுக்கு நினைவிருக்கும். ரயில் மாதிரி நீளமாகப் போய், கடைசியில் ஒரு சுழி, இரண்டு புள்ளி. தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா வெகு நேரம் பார்த்தார். பிறகு அம்மாவிடம் தள்ளிவிட்டார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிரஸ்ஸுக்குள் கை போகாமல் தடுக்கும் காப்புக் கம்பியைத் தூக்கிவிட்டுத்தான் அப்பா வேலை செய்தாராம். தப்பு அவருடையது என்று எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்களா? இதுதான் என் பயம்.

பதிலை என் தோழி குருவியின் வீட்டுக்கு அனுப்புங்கள். முகவரி பின்பக்கம். அப்பா இருமுகிறார். விளக்கை அணைக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்


ஜூன் 14

எலிக்குட்டிக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது? ராத்திரியில் ஒளிந்திருந்து சுரண்டுகிறாயே.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் உன் பயத்துக்கு மருந்து. காப்புக் கம்பியை யார் தூக்கினார்கள் என்பதைப் பற்றி நீ கவலைப்படாதே. வேலை செய்த இடத்தில் அடிபட்டால், தப்பு யாருடையது என்று எங்கள் சட்டம் கேட்பதில்லை. அடிபட்டானா, வேலையில் பட்டதா, அவ்வளவுதான். உலகத்தில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் "யார் தப்பு?" என்று கேட்கும்போது, கேட்காத ஒரு சட்டத்தை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

இப்போது கசப்பு. பல கம்பெனிகள் தங்கள் ஆட்களின் காயங்களை எங்களிடம் ஒப்படைக்கின்றன. எந்த வைத்தியம் தேவை, எது வீண், ஆள் எப்போது வேலைக்குத் திரும்பலாம் என்று பார்த்து, செலவு கைமீறாமல் காப்பது எங்கள் பிழைப்பு. உன் அப்பாவுடன் வேலை செய்த சுமை ஏற்றுகிற மாமாவின் முதுகு என் மேசைக்கு வந்தது. அந்த வலி வேலையால் வந்ததில்லை, பழையது என்று எழுதினேன். இன்று வந்தாலும் அதையேதான் எழுதுவேன். அதற்குத்தான் உன் அப்பா, "நீ முதலாளி கடைத் தராசு" என்றார். அன்று உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, தட்டில் கை வைத்திருந்தேன். கழுவாமல் எழுந்து வந்தேன். பேருந்தில் வீடு வரும்வரை விரல்களில் சோறு காய்ந்து ஒட்டியிருந்தது.

உன் அப்பாவின் பெயர் ஆபீஸுக்கு வந்த அன்றே, "இவர் என் அண்ணன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கோப்பு வேறொருவரிடம் போய்விட்டது. நான் அதைத் திறக்கவும் கூடாது, அதைப் பற்றிப் பேசவும் கூடாது. மீறினால் என் வேலை போவது இருக்கட்டும், "தங்கை பார்த்துக் கொடுத்தது" என்று உன் அப்பாவுக்குக் கிடைப்பதையும் நிறுத்திவிடுவார்கள். கையெழுத்துப் போடு என்றோ போடாதே என்றோ சொல்ல எனக்கு வாய் இல்லை.

நன்றாகப் படி. வாளிமேல் வெகு நேரம் உட்காராதே.

அத்தை


ஜூன் 18

அத்தைக்கு,

அப்பா உங்களைத் தராசு என்றது சரிதான் போலிருக்கிறது. இப்படி எழுதுவது மரியாதை இல்லை என்று தெரியும். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன். தாள் ஒன்றுதான் இருக்கிறது.

உங்களுக்கு வாய் இல்லையென்றால் என் கண்ணால் பார்த்ததைக் கேளுங்கள்.

அப்பாவை வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லேசான வேலையாம். நேற்றுப் பள்ளி விட்டதும் குருவியும் நானும் தொழிற்சாலை வாசல்வரை போய் எட்டிப் பார்த்தோம். வாசல் பக்கம் ஒரு நாற்காலி, ஒரு ஃபேன். அப்பா உட்கார்ந்திருந்தார். எதிரில் மேசைகூட இல்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். லாரிகள் போகும்போது கூடத் தலை நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்கிறார்: "சும்மா உக்கார வெச்சுச் சம்பளம் குடுக்கறாங்க. ஆளைக் கொல்ல இதைவிட நல்ல வழி இருக்கா? சனிக்கிழமை போட்டுக் குடுத்துட்டு ஒரு பெட்டிக்கடை வெச்சு உக்காந்துடறேன்." அதற்கு அம்மா, "அங்கயும் உக்காரத்தானே போறீங்க?" என்றாள்.

கட்டு மாற்றுவதற்கு அப்பாவுடன் நான்தான் போனேன். கைப்பயிற்சி அறையில் ஒரு பெரியவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் கட்டைவிரல் கொஞ்சம் குட்டை. நகம் சின்னது. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. பிறகுதான் புரிந்தது, அது கால்விரல்! பொத்தானைத் தேடிப் பிடித்து, ஓட்டைக்குள் தள்ளி, இழுத்தது. ஒவ்வொரு பொத்தானாக. நான் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்து அவர் சிரித்தார். "என்ன பாப்பா, மாயமா? இவரு நாப்பது வருஷம் செருப்புக்குள்ள கெடந்தாரு. இப்பத்தான் வெளி உலகத்தைப் பாக்கறாரு" என்றார்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்த விரலைத் தொட்டுக் கும்பிட வேண்டும் போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா சுவரில் இருந்த நாட்காட்டியைப் படித்துக்கொண்டிருக்கிறார். போன மாதத்து நாட்காட்டி.

வருகிற சனிக்கிழமை வருகிறார் அந்த ஆள். ஒரு வார்த்தை சொல்லுங்கள் அத்தை. ஒரே ஒரு வார்த்தை.


ஜூன் 20

எலிக்குட்டிக்கு,

சொல்ல முடியாது.

சனிக்கிழமை நீ வீட்டில் இரு. உன் அப்பா சத்தம் போட்டால் பயப்படாதே.

அத்தை


ஜூன் 23

அத்தை, அத்தை,

ஒரே மூச்சில் எழுதுகிறேன்.

டை கட்டினவர் வந்தார். வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்தாள். தாள்களை விரித்து, எங்கெங்கே போட வேண்டும் என்று காட்டினார். அப்பா எல்லாவற்றுக்கும் "ம்", "ம்" என்றார். நான் கதவோரம் நின்றேன். அப்போது அவர் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, அப்பாவின் முன்னால் மெதுவாக வைத்தார். ஊதா மை.

அப்பா கேட்டார்: "என்ன தம்பி இது?"

"மை டப்பா சார்."

"அது தெரியுது. எதுக்கு?"

"வலது கைல கட்டு இருக்கு இல்லையா சார்... உங்களுக்குச் சிரமம் வேண்டாம்னு. இடது கைக் கட்டைவிரல் இருக்கே. இங்க ஒரு அழுத்து, அங்க ஒரு அழுத்து. முடிஞ்சுது."

அப்பாவின் காது மடல் சிவந்தது.

"என்னைப் பாத்தா உனக்குக் கைநாட்டு மாதிரியா தெரியுது?"

"ஐயோ, அப்படி இல்ல சார்..."

அம்மா பயந்துபோய், "இடது கையால ஒரு கிறுக்கு கிறுக்கிக் குடுத்துடுங்களேன்" என்றாள். அவ்வளவுதான்!

"கிறுக்கறதா? என் கையெழுத்தை நான் கிறுக்கணுமா? பாங்க்ல மேனேஜரே என் கையெழுத்தைப் பாத்து 'எந்தக் காலேஜ்'னு கேட்டிருக்கான்! இந்தக் குடும்பத்துக்கு எங்கப்பா வெச்ச கைநாட்டு போதும். எடுத்துட்டுப் போ தம்பி. பேனா புடிக்கக் கை வந்தப்புறம் வா, அழகாப் போட்டுத் தரேன்."

"சார், கை... எப்படி சார் வரும்?"

அப்பா கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். இதுவரை பார்த்தே இராத ஒன்றைப் பார்ப்பது போல.

"கால்லேருந்து வருமாம். டாக்டரைக் கேளு."

அத்தை, எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் விக்கல் எடுத்துவிட்டது.

மாடிப்படிவரை அவரைக் கொண்டுவிட நான் போனேன். பாவம், முகம் தொங்கிப்போயிருந்தது. என்னிடம் புலம்பினார்: "ஆபீஸ்ல ஒரு மேடம் இருக்காங்கம்மா, ரொம்ப அனுபவம். கை போனவங்ககிட்ட எப்படிக் கையெழுத்து வாங்கறதுன்னு டீ குடிக்கறப்ப பொதுவாக் கேட்டேன். மை டப்பா கொண்டு போங்கன்னாங்க. இப்படி ஆகும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

உங்கள் ஆபீஸில் ரொம்ப அனுபவமுள்ள மேடம் எத்தனை பேர், அத்தை?


ஜூலை 1

எலிக்குட்டிக்கு,

நிறையப் பேர் இருக்கிறோம். எழுதுபொருள் பற்றி யார் எது கேட்டாலும் பதில் சொல்வோம். கை போனவரிடம் மையில் ரேகை வாங்குவது ஊரெல்லாம் உள்ள நடைமுறை. கேட்டவர் எந்தக் கோப்பு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. எங்கேயாவது ரேகை வைக்கப் போகும்போது உன் அப்பாவை உடன் அழைத்துப் போவார். அங்கே இருப்பவர்கள் தாத்தாவின் விரலைத் தாங்களே பிடித்து, மையில் அமுக்கி, தாளில் உருட்டி, பிறகு விட்டுவிடுவார்கள். பொருளைப் போல. துடைக்கத் துணிகூடத் தர மாட்டார்கள். உன் அப்பா தன் சட்டை நுனியால் துடைத்துவிடுவார். வீட்டுக்கு வந்ததும் சிலேட்டில் கையெழுத்துப் பழகுவார். அந்த ரயிலும் சுழியும் இரண்டு புள்ளியும் அப்படி வந்தவை. பக்கத்தில் உட்கார்ந்து அழித்துக் கொடுத்தவள் நான்.

ஆகவே உன் அப்பாவிடம் பணத்தைக் காட்டலாம், பயத்தைக் காட்டலாம், மையைக் காட்டக்கூடாது.

ஆனால் ஒன்று. அவர் மாறியிருந்தால்? களைத்துப்போய், "எங்கே அழுத்தணும்?" என்று கேட்டிருந்தால்? அந்தச் சனிக்கிழமை முழுவதும் என்னால் ஒரு கவளம் விழுங்க முடியவில்லை.

இனி டாக்டரின் கோரிக்கை எங்கள் ஆபீஸுக்கு வரும். தேவையா, வீணா என்று பார்ப்பார்கள். நான் அந்த அறைக்குள் இருக்க மாட்டேன். பொதுவாக எல்லாரிடமும் நான் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: கட்டைவிரல் ஐந்தில் ஒன்று இல்லை, கையில் பாதி. பாதிக் கைக்கு ஒரு கம்பெனி ஆயுள் முழுக்கப் பணம் அழுவதைவிட, முழுக் கைக்கு ஒருமுறை செலவழிப்பது லாபம். தராசின் பேச்சுதான். சில நாள் தராசும் நல்லதைச் சொல்லும்.

அத்தை


ஆகஸ்ட் 20

அன்புள்ள அத்தைக்கு,

அனுமதி வந்து, ஆபரேஷனும் முடிந்துவிட்டது. காலையில் உள்ளே கொண்டு போனார்கள். வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதுவரை அம்மா ஒரே புடவை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். முடியைவிட மெல்லிய நூலால், பெரிய கண்ணாடி வழியாகப் பார்த்து, ரத்தக்குழாயோடு ரத்தக்குழாய், நரம்போடு நரம்பு தைத்தார்களாம். எனக்குப் பாவாடை ஓரம் தைக்கவே வராது.

காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் இருந்த இடம் இப்போது காலி. அது கையில் இருக்கிறது. அறையைச் சூடாக வைத்திருக்கிறார்கள், குளிர்ந்தால் ரத்தக்குழாய் சுருங்கிவிடுமாம். டீயும் கூடாதாம். "டீ இல்லாம இருக்கறதுக்கு விரல் இல்லாமயே இருந்திருக்கலாம்" என்று அப்பா நர்ஸிடம் சண்டை போட்டார். "உங்க வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்காரு. அவரு சாப்பிடாததை நீங்களும் சாப்பிடக் கூடாது" என்றார் நர்ஸ். அதிலிருந்து அதற்கு விருந்தாளி என்றே பெயராகிவிட்டது. "விருந்தாளி தூங்கறாரா?" என்று அம்மாகூடக் கேட்கிறாள்.

நர்ஸ் அடிக்கடி வந்து விரல்நுனியை மெதுவாக அழுத்திவிட்டு விடுவார். அழுத்தினால் வெளுக்க வேண்டும், விட்டால் சிவக்க வேண்டும். முதல் ராத்திரி ஒருமுறை வெளுத்தது சிவக்கவில்லை. நர்ஸ் எங்களுடன் பேசுவதை நிறுத்திவிட்டார். கட்டைத் தளர்த்தி, கையை உயர்த்தி வைத்து, டாக்டரைக் கூப்பிட்டார். அத்தை, நான் பயந்தவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அது பயம் இல்லை, பயத்துக்கும் அந்தப் பக்கம் இருக்கிற ஏதோ. நாங்கள் எல்லாரும் மூச்சுவிடாமல் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, யாரும் எதுவும் செய்யாமலே, நகத்தின் அடியிலிருந்து மெல்லச் சிவப்பு ஏறியது. பிறந்த குழந்தையின் உதடு போல. பிறக்கும்போதிலிருந்து தரையில் நடந்த விரல். அதற்கு யார் சொன்னார்கள், இனி நீ கை என்று?

டாக்டர் குனிந்து இன்னொரு முறை அழுத்திப் பார்த்தார்.

அப்போது கதவின் கண்ணாடிக்கு அப்பால் ஒரு அம்மா நின்றிருந்ததாகவும், உள்ளே வரச் சொன்னதும் போய்விட்டதாகவும் நர்ஸ் காலையில் சொன்னார். தோள்பை, ஆபீஸ் அட்டை கழுத்திலேயே தொங்கியதாம். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தூங்கும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் எலிக்குட்டி


ஆகஸ்ட் 27

எலிக்குட்டிக்கு,

ஆமாம், நான்தான். அட்டையைக் கழற்ற மறந்துவிட்டேன்.

என் மேசையைக் கடந்துபோன கைகளுக்குக் கணக்கில்லை. தாளில் ஒரு கையின் படம் இருக்கும், போனது எது என்று கோடு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் வருஷக்கணக்கில் எழுதியிருக்கிறேன். விரல் சிவப்பதை அன்றுதான் பார்த்தேன். திரும்பி வரும்போது பேருந்தில் பிடித்துக்கொண்டு நின்ற எல்லாருடைய கைகளையும் பார்த்தேன். கம்பியைச் சுற்றி எத்தனை கட்டைவிரல்கள்! யாரும் அதைக் கவனிக்கவே இல்லை. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

உள்ளே வரவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவது?

அத்தை


டிசம்பர் 3

அன்புள்ள அத்தைக்கு,

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். விளக்கு எரிகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

நரம்பு ஒரு நாளைக்கு ஊசிமுனை அளவுதான் வளருமாம். கைப்பயிற்சி அறையில் அப்பா துணி க்ளிப்பைப் பிடித்தார், பட்டாணியைப் பொறுக்கினார், விட்டார், திட்டினார். ஒரு நாள் அவர் கண்ணை மூடச் சொல்லி, விருந்தாளியின் நுனியில் பஞ்சால் தடவினார்கள். அப்பா கீழே குனிந்து, "யாரு என் காலைத் தடவறது?" என்றார். யாரும் தடவவில்லை, அத்தை! விரல் கைக்கு வந்துவிட்டது, அப்பாவின் மனசில் அது இன்னும் காலிலேயே இருந்தது. பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது அது வீடு மாறியதைப் புரிந்துகொண்டுவிட்டது. கை என்றே சொல்கிறது.

அப்பா வேலைக்குப் போகிறார். நாற்காலிக்கு இல்லை. வெட்டிய பெட்டிகளைச் சோதிக்கும் மேசைக்கு. போன வாரம் டை கட்டினவர் மறுபடி வந்தார். பயந்துகொண்டே பையைத் திறந்தார். உள்ளே பேனா மட்டும்தான். வைத்தியம் முடிந்துவிட்டதால் இப்போது போடலாம் என்று டாக்டரும் சொல்லியிருந்தார். அப்பா போட்டார். ரயில், சுழி, இரண்டு புள்ளி. சுழி கொஞ்சம் நெளிந்தது. "புது எஞ்சின்" என்றார்.

நேற்றிரவு நான் வாளிமேல் உட்கார்ந்து உங்களுக்கு இதையெல்லாம் எழுதத் தொடங்கியபோது கதவு தட்டப்பட்டது.

"எலிக்குட்டி, வெளிய வா. அங்க குளிரும்."

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பெயரில் என்னைக் கூப்பிடுவது உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். என் அறிவியல் நோட்டின் அட்டைக்குள் இருந்த உங்கள் கடிதங்கள் எல்லாம் அப்பாவின் கையில் இருந்தன. குருவியின் அம்மா எப்போதோ சொல்லிவிட்டாராம். எப்போது படித்தார் என்று நான் கேட்கவில்லை.

"மை டப்பா அவ வேலையா?"

நான் தரையைப் பார்த்தேன். காலில் ஒரு விரல் இல்லாத அந்தக் காலியிடம்தான் தெரிந்தது. பிறகு அப்பா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா தூக்கத்தில் எழுந்து வந்து, "என்னங்க ஆச்சு?" என்றாள்.

"என் தங்கச்சி என்னை எடை போட்டுட்டாடி! குண்டுமணி பிசகாம எடை போட்டுட்டா!"

இன்று சாயங்காலம் வேலை விட்டு வரும்போது அவரே கடைக்குப் போய் ஒன்று வாங்கி வந்தார். ஊதா மை. தகர டப்பா. மேசையில் வைத்து, மூடியை விருந்தாளியாலேயே தள்ளித் திறந்தார்.

"எழுதி முடிச்சியா? கீழ கொஞ்சம் இடம் விடு."

"கையெழுத்துப் போடுங்களேன்பா. இப்பத்தான் வருதே" என்றேன்.

"கையெழுத்துப் போட ஊருக்குள்ள ஆயிரம் பேர் இருக்கான். கைல கால் ரேகை வைக்கறவன் எத்தனை பேர்? இதைப் பாத்தா அவளுக்குப் புரியும். பாதியில எந்திரிச்சுப் போன சாப்பாடு அப்படியே இருக்குன்னு எழுது. ஞாயித்துக்கிழமைன்னு எழுது."

எழுதிவிட்டேன். யாரும் அவர் விரலைப் பிடிக்கவில்லை, அத்தை. அவரே மையில் தோய்த்து, அவரே உருட்டி, அவரே எடுத்தார். துடைக்கத் துணி கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டார். ஊதா விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.

கீழே இருப்பது கறை இல்லை. உங்கள் அண்ணன்.